ஈ1 இல்லாத லேனில் பேண்ட் வந்தால் நம்பாதீர்கள்: பாப்பிலோமா வைரஸ் டிஎன்ஏ நகலெடுப்பை ஒரு வாரத்தில் சோதிப்பது எப்படி

எங்கள் ஆய்வகத்தில் புதிதாகச் சேருகிற மாணவர்களுக்கு முதல் மாதத்தில் நான் கொடுக்கும் சோதனை இதுதான். ஒரு வாரம் பிடிக்கும். செல் வளர்க்கும் வசதியும் ஜெல் ஓட்டும் பெட்டியும் சதர்ன் பிளாட் (ஜெல்லில் பிரித்த டிஎன்ஏவில் நாம் தேடுவதை மட்டும் காட்டும் முறை) செய்யப் பொறுமையும் இருந்தால் போதும். முடிவில் கையில் ஒரு படம் இருக்கும்: ஏழு லேன் (ஒவ்வொரு மாதிரியும் ஜெல்லில் ஓடிய தடம்), அதில் இரண்டில் மட்டும் பேண்ட் (டிஎன்ஏ நின்ற கோடு). பாப்பிலோமா வைரஸ் எப்படித் தன் டிஎன்ஏவை நகலெடுக்கிறது என்பதில் பாதிக் கதை அந்த ஏழு லேனில் இருக்கிறது.

முதலில் இது ஏன் என்று சொல்லிவிடுகிறேன். பாப்பிலோமா வைரஸிடம் இருப்பது சுமார் 8,000 கார இணைகள் கொண்ட ஒரு டிஎன்ஏ வளையம். அவ்வளவுதான் அதன் சொத்து. டிஎன்ஏவை எழுதும் பாலிமரேஸ் என்சைம்கூடச் சொந்தமாகக் கிடையாது. பாலிமரேஸ் ஆல்ஃபா, பாலிமரேஸ் டெல்டா, ஆர்பிஏ, பிசிஎன்ஏ, டோப்போஐசோமரேஸ் எல்லாமே நம் செல்லிடம் வாங்கிக்கொள்வது. வைரஸ் தன் பங்குக்குக் கொண்டுவருவது இரண்டு புரதங்களை: ஈ1, ஈ2. இந்த இரண்டும் போதும் என்று 1991இல் மார்ட் உஸ்தாவும் ஆர்னே ஸ்டென்லுண்டும் காட்டினார்கள். கோல்ட் ஸ்பிரிங் ஹார்பரில் மாட்டு மரு வைரஸை, அதாவது பிபிவி-1ஐ வைத்துச் செய்த வேலை. நாம் செய்யப்போவதும் அதே சோதனைதான், மனித வைரஸான எச்பிவி-16இன் துண்டுகளை வைத்து.

முழு வைரஸ் எதையும் தொடப்போவதில்லை. புற்றுநோய்க்குக் காரணமான ஈ6, ஈ7 ஜீன்கள் நம் பிளாஸ்மிட் (செல்லுக்குள் போடும் சிறு டிஎன்ஏ வளையம்) எதிலும் இல்லை. ஆனாலும் உங்கள் நிறுவனத்தின் உயிரிப் பாதுகாப்புக் குழுவிடம் அனுமதி வாங்காமல் ஆரம்பிக்க வேண்டாம்.

பிளாஸ்மிட் தயாரிப்பு (என் இரண்டு வாரம் போன இடம்)

மூன்று பிளாஸ்மிட் வேண்டும். ஒன்று, வைரஸின் நகலெடுப்பு தொடங்கும் இடத்தைச் சுமக்கும் 'ஓரி' பிளாஸ்மிட். பியூசி வகைப் பிளாஸ்மிட்டில் எச்பிவி-16இன் கட்டுப்பாட்டுப் பகுதியை வைத்தது. மற்ற இரண்டும் ஈ1ஐயும் ஈ2வையும் மனித செல்லில் தயாரித்துத் தருபவை. வைரஸில் இருக்கும்படியே ஈ1 ஜீனை வைத்தால் புரதம் மிகக் குறைவாகத்தான் வரும். அதன் கோடான்கள் (ஒவ்வொரு அமினோ அமிலத்தையும் குறிக்கும் மூன்றெழுத்துச் சொற்கள்) மனித செல்லுக்கு ஒத்துவராதவை. போதாததற்கு நடுவில் ஸ்ப்ளைசிங்கும் (ஆர்என்ஏவை வெட்டி ஒட்டுவது) ஆகிவிடும். கோடான்களை மாற்றி எழுதிய ஈ1ஐக் கேட்டு வாங்குங்கள். முனையில் ஒரு ஃபிளாக் டேக் (அடையாள வால்) இருந்தால் பிறகு வெஸ்டர்ன் பிளாட்டில் (புரதத்தைக் காட்டும் சோதனை) கண்டுபிடிக்க வசதி.

இப்போது முக்கியமான விஷயம். இந்த மூன்றையும் எந்த ஈ.கோலை பாக்டீரியாவில் வளர்க்கிறீர்கள்?

டிஎச்5ஆல்ஃபா மாதிரி வழக்கமான ஈ.கோலையில் டேம் என்ற என்சைம் இருக்கிறது. டிஎன்ஏவில் ஜிஏடிசி என்று வருகிற இடத்திலெல்லாம் 'ஏ'வின் மேல் ஒரு மெத்தில் பொட்டு வைத்துவிடும். மனித செல்லில் அந்த என்சைம் கிடையாது. ஆகவே நாம் உள்ளே போட்ட பிளாஸ்மிட் பொட்டோடு இருக்கும். செல்லுக்குள் புதிதாக எழுதப்பட்டது பொட்டில்லாமல் இருக்கும். டிபிஎன்1 என்ற வெட்டும் என்சைம் பொட்டு உள்ள ஜிஏடிசியை மட்டும்தான் வெட்டும். போட்டது துண்டு துண்டாகிவிடும், செல்லில் பிறந்தது முழுசாக நிற்கும். இந்தச் சோதனை மொத்தமும் தொங்குவது இந்த ஒரு ஆணியில்தான்.

நான் முதல்முறை செய்தபோது ஃப்ரீசரில் ஏற்கெனவே ஓரி பிளாஸ்மிட் இருந்தது. எனக்கு முன் இருந்தவர் தயாரித்து வைத்தது. அளவு பார்த்தேன், சுத்தம் பார்த்தேன், போட்டேன். எல்லா லேனிலும் பளிச்சென்று பேண்ட்! ஓரி மட்டும் போட்ட லேனிலும்கூட. வைரஸ் புரதமே இல்லாமல் வைரஸ் ஓரி நகலெடுக்கிறது என்று ஒரு நாள் முழுக்கக் கனவு கண்டேன். அடுத்த இரண்டு வாரம் புதுப்புது டிபிஎன்1 வாங்கி வெட்டிப் பார்த்தேன். கடைசியில் பழைய நோட்டைப் புரட்டியதில் விஷயம் தெரிந்தது. அவருக்கு அந்தப் பிளாஸ்மிட்டை பிசிஎல்1 என்சைமால் வெட்ட வேண்டியிருந்திருக்கிறது. டேம் பொட்டு இருந்தால் பிசிஎல்1 வெட்டாது என்பதால், டேம் இல்லாத ஜேஎம்110 ஈ.கோலையில் வளர்த்திருக்கிறார். பொட்டே இல்லாத பிளாஸ்மிட்டை டிபிஎன்1 ஏன் வெட்டப்போகிறது?

அதனால், எங்கிருந்து வந்த பிளாஸ்மிட்டாக இருந்தாலும் டிஎச்5ஆல்ஃபாவில் புதிதாகப் போட்டு வளருங்கள். செல்லுக்குள் போடுவதற்கு முன் கொஞ்சம் எடுத்து டிபிஎன்1ஆல் வெட்டி ஒரு சின்ன ஜெல்லில் ஓட்டுங்கள். முழுசும் துண்டானால் சரி. டியூப் மூடியில் பிளாஸ்மிட் பெயரோடு ஈ.கோலை பெயரையும் எழுதுங்கள்.

எந்த செல்

சி33ஏ. கருப்பைவாய்ப் புற்றிலிருந்து வந்த செல்தான், ஆனால் அதில் எச்பிவி இல்லை. "ஹீலா நிறைய இருக்கே அக்கா, அதிலேயே செய்யலாமே" என்று வருடத்துக்கு ஒருவராவது கேட்பார்கள். ஹீலாவும் கருப்பைவாய்ப் புற்று செல்தான், ஆனால் அதில் ஏற்கெனவே எச்பிவி-18இன் ஈ6, ஈ7 ஓடிக்கொண்டிருக்கின்றன. அந்த செல் உயிரோடு பெருகுவதே அவற்றை நம்பித்தான். வைரஸ் டிஎன்ஏ குரோமோசோமில் போய் ஒட்டிக்கொண்டபோது அதன் ஈ2 ஜீன் உடைந்துபோனது. வெளியிலிருந்து நீங்கள் ஈ2 கொடுத்தால் அது ஈ6, ஈ7ஐ அடக்கிவிடும், செல் பெருகுவதை நிறுத்திவிடும். நகலெடுப்பைப் பார்க்க வந்த இடத்தில் செல்லே முடங்கினால் எதைப் பார்ப்பது?

293டி செல்லும் வேண்டாம். டிரான்ஸ்ஃபெக்ஷன், அதாவது செல்லுக்குள் டிஎன்ஏவைச் செலுத்துவது, அருமையாக ஆகும், ஆசை காட்டும். ஆனால் அதில் எஸ்வி40 வைரஸின் லார்ஜ் டி புரதம் இருக்கிறது. ஈ1, ஈ2வைச் சுமக்கும் உங்கள் பிளாஸ்மிட் பிசிடிஎன்ஏ3 வகையாக இருந்தால் அதற்குள் எஸ்வி40 ஓரியும் இருக்கும். இரண்டும் சேர்ந்தால் அந்தப் பிளாஸ்மிட் தன்பாட்டுக்கு நகலெடுக்கும். நீங்கள் அதை வைரஸின் வேலை என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள்.

சி33ஏவிடம் ஒரு குறை, தட்டில் கெட்டியாக ஒட்டாது. பஃபர் ஊற்றும்போது நேராக செல்மேல் ஊற்றாமல் சுவரோரமாக விடுங்கள். அவசரப்பட்டால் பாதி செல் வாஷ் பேசினுக்குப் போய்விடும்.

திங்கள் முதல் வெள்ளி வரை

திங்கள் மாலை 6 செ.மீ. தட்டுகளில் செல்லைப் பிரித்துப் போடுங்கள், மறுநாள் பாதிக்குக் கொஞ்சம் மேல் நிரம்பியிருக்கும்படி. செவ்வாய் டிரான்ஸ்ஃபெக்ஷன். கால்சியம் பாஸ்பேட்டோ லிப்பிடோ, உங்களுக்குக் கைப்பழக்கம் எதுவோ அது. ஒரு தட்டுக்கு நான் போடுவது: ஓரி 200 நானோகிராம், ஈ1 1 மைக்ரோகிராம், ஈ2 50 நானோகிராம். ஈ2வை அள்ளிப் போட்டால் நகலெடுப்பு அதிகமாகாது. என் கையில் குறையத்தான் செய்திருக்கிறது. எல்லாத் தட்டிலும் மொத்த டிஎன்ஏ 2 மைக்ரோகிராம் ஆகும்வரை வெறும் பிளாஸ்மிட்டால் நிரப்புங்கள். இதை விட்டுவிட்டால் தட்டுக்குத் தட்டு டிரான்ஸ்ஃபெக்ஷன் அளவு மாறி, எதையும் எதோடும் ஒப்பிட முடியாது.

ஏழு தட்டு:

1. ஓரி மட்டும்
2. ஓரி + ஈ1
3. ஓரி + ஈ2
4. ஓரி + ஈ1 + ஈ2
5. ஓரி + ஏடிபி (செல்லுக்கு ஆற்றல் தரும் மூலக்கூறு) பிடிக்கும் லைசினை மாற்றிய ஈ1 + ஈ2
6. ஓரி + ஈ1 + 39ஆம் இடத்து குளுட்டமிக் அமிலத்தை அலனினாக மாற்றிய ஈ2
7. ஓரி + ஈ1 + 73ஆம் இடத்து ஐசோலூசினை அலனினாக மாற்றிய ஈ2

புதன் காலை மீடியா மாற்றுங்கள். வெள்ளி வரை இன்குபேட்டரில் விட்டுவிடுங்கள். 72 மணி நேரம்.

வெள்ளிக்கிழமை ஹிர்ட் முறை. பெர்ன்ஹார்ட் ஹிர்ட் 1967இல் பாலியோமா வைரஸ் டிஎன்ஏவைப் பிரிப்பதற்காகச் சொன்ன வழி. அரை நூற்றாண்டு தாண்டியும் அதை யாரும் பெரிதாக மாற்றவில்லை. செல்லைக் கழுவி, 0.6 சதவீத எஸ்டிஎஸ், 10 மில்லிமோலார் ஈடிடிஏ கொண்ட பஃபர் 400 மைக்ரோலிட்டர் விடுங்கள். பத்து நிமிடத்தில் கொழகொழவென்று கஞ்சி மாதிரி ஆகிவிடும். மெதுவாகச் சுரண்டி டியூபுக்கு மாற்றி, 5 மோலார் உப்புக் கரைசல் 100 மைக்ரோலிட்டர் சேர்த்து, டியூபைத் தலைகீழாகத் திருப்பித் திருப்பிக் கலக்குங்கள். வோர்டெக்ஸ் (அதிர வைத்துக் கலக்கும் கருவி) பக்கமே போகக்கூடாது. குரோமோசோம் டிஎன்ஏ நீளமாக இருக்கும்வரைதான் எஸ்டிஎஸ்ஸோடும் புரதத்தோடும் சிக்கி அடியில் உட்காரும். அதை உடைத்துவிட்டால் துண்டுகள் மேலே வந்து பிளாஸ்மிட்டோடு கலந்துவிடும். இரவு முழுக்க 4 டிகிரியில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போங்கள்.

சனிக்கிழமை சென்ட்ரிஃபியூஜ் 4 டிகிரியில் அரை மணி நேரம் முழு வேகத்தில். மேலே இருக்கும் தெளிவான நீரை மட்டும் எடுத்து, ஃபீனால்-குளோரோஃபார்ம், எத்தனால், ஆர்என்ஏஸ். இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

பிறகு வெட்டு. ஒவ்வொரு மாதிரியையும் இரண்டாகப் பிரித்து, இரண்டிலும் ஓரி பிளாஸ்மிட்டை ஒரே ஒரு இடத்தில் வெட்டும் என்சைம் போடுங்கள், வளையம் நேர்கோடாகும். ஒரு பாதியில் மட்டும் கூடவே டிபிஎன்1, 20 யூனிட், இரவு முழுக்க 37 டிகிரியில். ஒரு மணி நேரம் போதும் என்று புட்டியோடு வந்த தாளில் போட்டிருக்கும். அது சுத்தமான பிளாஸ்மிட்டுக்கு. செல்லிலிருந்து எடுத்த அழுக்கு டிஎன்ஏவுக்கு அல்ல.

லேனைப் படிப்பது

ஜெல் ஓட்டி, சதர்ன் பிளாட் செய்து, ஓரி பிளாஸ்மிட்டையே புரோபாக (தேடும் டிஎன்ஏவில் ஒட்டி அதைக் காட்டிக்கொடுக்கும் துண்டு) வைத்துப் பாருங்கள். பேண்டைப் பார்ப்பதற்கு முன் லேனின் அடியைப் பாருங்கள். டிபிஎன்1 போட்ட ஏழு லேனிலும் அடியில் சிறு துண்டுகள் தெரிய வேண்டும். அவை நீங்கள் உள்ளே போட்ட, நகலெடுக்காத பிளாஸ்மிட். ஒரு லேனில் பேண்டும் இல்லை, துண்டும் இல்லை என்றால் அங்கே டிரான்ஸ்ஃபெக்ஷனே ஆகவில்லை. "நகலெடுக்கவில்லை" என்று சொல்ல உங்களுக்கு உரிமை இல்லை.

லேன் 1 காலி. செல் தானாக வைரஸ் ஓரியைக் கண்டுகொள்வதில்லை. இங்கே பேண்ட் இருந்தால் என் இரண்டு வாரக் கதையை நினைத்துக்கொண்டு ஈ.கோலையை விசாரியுங்கள்.

லேன் 3 காலி, இதை யாரும் கேள்வி கேட்பதில்லை. ஈ2 டிஎன்ஏவைப் பிடிக்கும், பிரிக்காது.

லேன் 2தான் சுவாரசியம். ஈ1 ஒரு ஹெலிகேஸ், டிஎன்ஏவின் இரண்டு இழைகளையும் பிரிக்கும் இயந்திரம். ஆறு ஈ1 சேர்ந்து ஒரு வளையம். ஓரியில் இரண்டு வளையங்கள் உட்கார்ந்து எதிரெதிர்த் திசையில் கிளம்பும். 2006இல் எனமார்க்கும் ஜோஷுவா-டோரும் அந்த வளையத்துக்குள் ஒற்றை இழை இருக்கும் நிலையிலேயே படிக அமைப்பை எடுத்துக் காட்டினார்கள். எனக்கு அதைப் பார்த்ததும் கிணறுதான் ஞாபகம் வந்தது. கயிற்றைக் கை மாற்றிக் கை மாற்றி இழுப்போம் இல்லையா, அதே மாதிரி ஆறு கை. ஒவ்வொரு கையும் ஒரு நியூக்ளியோடைடைப் பிடித்து மேலிருந்து கீழே கொண்டுவந்து விட்டுவிட்டு, மறுபடி மேலே போய் அடுத்ததைப் பிடிக்கும். ஒரு பிடிக்கு ஒரு ஏடிபி.

இவ்வளவு வேலை செய்கிற ஈ1 லேன் 2இல் ஏன் சும்மா இருக்கிறது? அதற்கு இடம் தெரியாது. ஈ1 டிஎன்ஏவைப் பிடிக்கும், ஆனால் இந்த இடம்தான் என்ற பிடிவாதம் குறைவு. செல்லில் கடல்போல டிஎன்ஏ கிடக்கிறது, எங்கே போய் உட்காருவது? அங்கேதான் ஈ2 வருகிறது. ஏசிசி என்று தொடங்கி, நடுவில் ஆறு எழுத்து விட்டு, ஜிஜிடி என்று முடிகிற இடத்தை ஈ2 இரட்டையாகச் சேர்ந்து இறுக்கமாகப் பிடிக்கும். ஓரியில் ஈ1 உட்காரும் இடத்துக்குப் பக்கத்திலேயே அப்படிப்பட்ட இடங்கள் இருக்கின்றன. ஒரு பக்கம் டிஎன்ஏவையும் மறுபக்கம் ஈ1ஐயும் பிடித்து ஈ2 அதைச் சரியான இடத்தில் கொண்டுவந்து சேர்க்கிறது. அப்புறம் ஏடிபி வந்ததும், மேலும் ஈ1கள் சேரச்சேர, ஈ2 விலகிக்கொள்கிறது. கல்யாணப் பந்தியில் நம்மைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் இலை முன்னால் உட்கார வைத்துவிட்டு, சாப்பிடாமல் அடுத்த ஆளைத் தேடிப் போகும் சித்தப்பாக்கள் உண்டே, அவர்கள் மாதிரி.

லேன் 2இல் மங்கலாக ஏதாவது தெரிந்தால் உடனே பயப்பட வேண்டாம். சோதனைக் குழாயில் பிபிவி ஈ1ஐ நிறையப் போட்டால் ஈ2 இல்லாமலே நகலெடுப்பைத் தொடங்கும். எச்பிவி-1க்கு செல்லுக்குள்ளேயே ஈ1 மட்டும் போதும் என்று 1994இல் காட்டியிருக்கிறார்கள். ஆனால் எச்பிவி-16இல், நான் சொன்ன அளவில், லேன் 4ஐப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் லேன் 2 கிட்டத்தட்ட காலியாகத்தான் இருக்கும். லேன் 2 பளிச்சென்று வந்துவிட்டது என்று துள்ளிக்கொண்டு வந்த மாணவிக்கு நான் சொன்னது ஒன்றுதான்: பிபெட் முனையை மாற்றினாயா? மாற்றவில்லை. ஈ2 ஒரு துளி ஒட்டிக்கொண்டு வந்தாலே போதும், 50 நானோகிராம்தானே முழு அளவே.

லேன் 4இல் நேர்கோடான பிளாஸ்மிட்டின் முழு நீளத்தில் ஒரே பேண்ட்.

லேன் 5 காலி. ஈ1 புரதம் இருக்கிறது, ஏடிபி பிடிக்க முடியவில்லை. கிணற்றடியில் ஆள் நிற்கிறார், கையில் வலுவில்லை. இந்த லேன் இல்லாமல் லேன் 4ஐ மட்டும் காட்டினால், ஈ1 நிஜமாகவே ஹெலிகேஸாக வேலை செய்ததா என்று கேட்பவருக்குப் பதில் இல்லை.

லேன் 6ம் 7ம் எனக்குப் பிடித்த ஜோடி. ஈ2வுக்கு இன்னொரு வேலையும் உண்டு: பிஆர்டி4 போன்ற செல் புரதங்களைப் பிடித்து ஜீன்களை இயக்குவது, அடக்குவது. அப்படியானால் நகலெடுப்புக்கு உதவுவது அந்த வேலையின் பக்க விளைவா? 1996இல் பீட்டர் ஹௌலியின் குழு எச்பிவி-16 ஈ2வில் ஒவ்வொரு அமினோ அமிலமாக மாற்றிப் பார்த்து இரண்டையும் பிரித்துக் காட்டியது. 39ஐ மாற்றினால் ஜீனை இயக்கும், நகலெடுப்புக்கு உதவாது. 73ஐ மாற்றினால் தலைகீழ்: ஜீனை இயக்காது, நகலெடுப்புக்கு உதவும். ஆகவே லேன் 6 காலி, லேன் 7இல் பேண்ட். இந்த இரண்டும் சரியாக வந்துவிட்டால் உங்கள் கை தேறிவிட்டது.

எண் வேண்டும் என்றால்

க்யூபிசிஆர் (டிஎன்ஏவைப் பெருக்கியபடியே அளக்கும் முறை) செய்யலாம். ஆனால் ப்ரைமர் ஜோடிக்கு (பெருக்க வேண்டிய பகுதியின் இரு எல்லைகளைப் பிடிக்கும் சிறு டிஎன்ஏ துண்டுகள்) நடுவில் ஜிஏடிசி இருந்தே ஆக வேண்டும், இரண்டு மூன்று இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் டிபிஎன்1 வெட்டிய துண்டும் பிசிஆரில் அப்படியே பெருகும், ஏழு மாதிரியும் ஒரே எண்ணைக் காட்டும். அதே பிளாஸ்மிட்டில் ஜிஏடிசி இல்லாத பகுதிக்கு இன்னொரு ப்ரைமர் ஜோடி வைத்துக்கொண்டால், உள்ளே போனதும் பிறந்ததும் சேர்ந்த மொத்தக் கணக்கு கிடைக்கும். முதல் எண்ணை இரண்டாவதால் வகுத்து ஒப்பிடுங்கள். ஹிர்ட் முறையில் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவும் கூடவே வரும். எந்த டியூபில் எவ்வளவு டிஎன்ஏ தப்பிப் பிழைத்தது என்று பார்க்க அதையும் அளக்கலாம்.

டிபிஎன்1 முழுசாக வெட்டியதா என்பதற்குத் தனியாக ஒரு டியூப் வையுங்கள்: எதுவும் போடாத செல்லின் ஹிர்ட் டிஎன்ஏவில் ஓரி பிளாஸ்மிட்டைக் கையால் கலந்து, மற்றவற்றோடு சேர்த்து வெட்டுங்கள். வெட்டாததற்கும் வெட்டியதற்கும் சிடி (க்யூபிசிஆரில் சிக்னல் தெரியத் தொடங்கும் சைக்கிள் எண்) ஏழு எட்டு சைக்கிளாவது தள்ளிப்போக வேண்டும்.

லேன் 4 காலியாக வந்தால்

முதலில் ஈ1க்கு வெஸ்டர்ன் பாருங்கள். பெரும்பாலும் அங்கேதான் பிழை. ஈ1 இருக்கிறது ஆனால் தட்டில் செல் குறைவு என்றால், ஈ1 அதிகமாகிவிட்டது. உட்கருவில் ஈ1 குவிந்தால் செல் அதை டிஎன்ஏ சேதமாக எடுத்துக்கொண்டு பெருகுவதை நிறுத்தும். அளவைப் பாதியாக்குங்கள். இரண்டும் சரி என்றால் ஓரி பிளாஸ்மிட்டைச் சீக்வென்சிங்குக்கு அனுப்புங்கள். ஈ2 பிடிக்கும் இடத்தில் ஒரு எழுத்து மாறியிருந்தாலும் கதை கந்தல்.

பேண்ட் வந்தும் சந்தேகம் போகவில்லையா? மிச்சமிருக்கும் மாதிரியில் எம்பிஓ1 போடுங்கள். அது டிபிஎன்1க்கு நேர் எதிர், பொட்டில்லாத ஜிஏடிசியை மட்டும் வெட்டும். லேன் 4இன் பேண்ட் டிபிஎன்1க்குத் தப்பி எம்பிஓ1க்குத் துண்டானால், அந்த டிஎன்ஏவின் இரு இழைகளிலும் பொட்டு இல்லை. அதாவது செல்லுக்குள் குறைந்தது இரண்டு சுற்று ஓடியிருக்கிறது. இந்தச் சோதனைக்கு மாதிரி வேண்டும் என்பதால் சனிக்கிழமை எல்லாவற்றையும் டிபிஎன்1இல் கொட்டிவிடாமல் ஒவ்வொன்றிலும் 5 மைக்ரோலிட்டர் மிச்சம் பிடித்து, தேதி போட்டு, மைனஸ் 20இல் வையுங்கள்.